எஸ்தருக்கு ஒரு முத்திரை

அறுவடைப் பண்டிகை ஆராதனையில், பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே, தபன்தா எங்கள் பிரசங்க பீடத்தில் ஏறினார்.

பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காய்களும் வாழைத்தாரும் கீரைக் கட்டுகளும் குவிந்து கிடந்தன. யாரோ பக்தி மிகுந்து ஒரு முழு மீனைக் காணிக்கையாக வைத்திருந்தார்கள். கல்கத்தாவின் புழுக்கம் இன்னும் விட்டபாடில்லை. மீன் தன் இருப்பைப் பின்வரிசை வரை அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று தபன்தா சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

தபன்தா டாலிகஞ்ச் பக்கத்து வார்டு கவுன்சிலர். தா, தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். மறுபடியும் நிற்கப்போகிறவர். கடவுள் இல்லை என்பது அவர் கட்சியின் கொள்கை. தேர்தல் மாதங்களில் மட்டும் அந்தக் கொள்கையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வருவார்.

சபைச் செக்ரட்டரியான நான் பக்கத்தில் நின்று அவருடைய பெங்காலியைத் தமிழாக்கினேன். "உங்கள் ஏசு ஏழைகளின் பக்கம் நின்றார். எங்கள் கட்சியும் ஏழைகளின் பக்கம்தான். ஆகவே ஏசு எங்கள் ஆள்" என்றார். "கவுன்சிலர் நம் எல்லோரையும் வாழ்த்துகிறார்" என்று மொழிபெயர்த்தேன். பெங்காலி தெரிந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். பெரியவர்கள் ஆமென் என்றார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். "டாலிகஞ்சில் கால்வாய் ஓரம் சுத்தமாகட்டும். அங்கே உங்களுக்குச் சொந்தமாக ஒரு கோயில் கட்ட இடம் தருகிறேன்."

இதை மட்டும் வரி விடாமல் மொழிபெயர்த்தேன். இரண்டு தடவை.

நாலு மணிச் சபை

இந்தத் தொடரில் அலுவலகம், வாடகை வீடு, மாமனார் என்று எல்லோரையும் எழுதிவிட்டேன். சபையைப் பற்றி எழுதாமல் தப்பித்துவந்தேன். இனி அது முடியாது. சம்பந்தப்பட்டவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் இந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் கல்கத்தாவில் எங்களுக்குச் சொந்தக் கோயில் இல்லை. பவானிபூரில் ஒரு பழைய கோயிலை இரவல் வாங்கியிருந்தோம். காலையில் ஆங்கில ஆராதனைக்காரர்கள். மதியம் பெங்காலிகள். நாலு மணிக்கு நாங்கள். அதற்குள் மெழுகுவர்த்தி எல்லாம் குட்டையாகியிருக்கும். ஆண்டவரும் களைத்திருப்பார் என்று என் மனைவி வசந்தா சொல்வாள்.

எங்கள் போதகரைத் திருநெல்வேலி வழக்கப்படி ஐயர் என்றே கூப்பிடுவோம். அவருக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், பாலக்காட்டு வீட்டுக்காரரிடம் "எங்க ஐயருக்கு வீடு வேணும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஐயர் வந்து இறங்கி, வெள்ளை அங்கியை வெயிலில் உலர்த்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. நல்ல மனிதர், கொடுத்த வாக்கை மாற்றவில்லை. கடைசிவரை வீட்டு வாசலில் நின்றே பேசினார், அவ்வளவுதான்.

சபையில் பெரும்பாலும் மத்திய அரசு, துறைமுகம், பொதுத்துறை என்று மாற்றலாகி வந்தவர்கள். நான் அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. இவர்களோடு டாலிகஞ்ச் கால்வாய் ஓரக் குடிசைகளிலிருந்து வருகிற ஏழு குடும்பங்கள். அவர்கள் பின்வரிசையில் உட்காருவார்கள். அப்படி உட்காரச் சொல்லி எந்த விதியும் இல்லை. விதி இல்லாமலே எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பாவமான அரசியல், பாவமற்ற தேர்தல்

அரசியல் பிசாசின் விளையாட்டு என்பது எங்கள் ஐயர் மாதம் ஒருமுறை வலியுறுத்திய சத்தியம். விசுவாசிகள் ஓட்டுப் போடலாம். போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும்.

இந்தப் பிரசங்கத்தை ரசித்துத் தலையாட்டியவர்கள்தான் சபைக் கமிட்டித் தேர்தலை நடத்துவார்கள். அதன் அழகே தனி. இரண்டு மாதத்துக்கு முன்பே வீட்டு ஜெபக்கூட்டங்கள் ஆரம்பமாகும். எந்த வீட்டில் ஜெபம், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை வைத்து எண்ணிக்கை போடுவார்கள். நாசரேத் பக்கத்துக்காரர் ஒரு அணி, நாகர்கோவில் பக்கத்துக்காரர் மறு அணி. தோற்றவர்கள் மூன்று மாதம் ஆங்கில ஆராதனைக்குப் போவார்கள். ஒரு ஆண்டில் வாக்குப்பெட்டியை ஒருவர் காலடியில் வைத்துக்கொண்டே திருவிருந்து அப்பம் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தவர் மூப்பர் ஞானதுரை. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய அதிகாரி. கஞ்சி போட்ட சட்டை, நல்ல குரல். ஐயரைவிட ஐந்து நிமிஷம் நீளமாக ஜெபிப்பார்.

நான் சபையில் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்று. தேர்தல் வேலைக்கான பயிற்சி வகுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார்கள். மத்திய அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் உத்தரவு வந்தது. ஞானதுரை கொதித்துப்போனார். ஓய்வுநாளின் மேல் கைவைக்க இந்த அரசாங்கம் யார்? ஒரே வாரத்தில் ஆங்கில மனு தயார். நான்தான் டைப் அடித்தேன். சபையே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. கீழே வட்டமாக, ஊதா மையில் சபை முத்திரை.

அரசாங்கம் பயந்ததோ இரங்கியதோ, எங்களுக்கு மட்டும் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அந்த ஞாயிறு ஆராதனைக்கு ஞானதுரை வரவில்லை. குடும்பத்தோடு மிருகக்காட்சி சாலைக்குப் போயிருந்தார்.

சாட்சி நேரத்தில் ஒரு நோட்டீஸ்

தபன்தா வந்துபோன மூன்றாவது வாரம் எஸ்தர் எழுந்து நின்றாள்.

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்லலாம். பெரும்பாலும் பதவி உயர்வு, பிள்ளைகளின் மார்க், பித்தப்பைக் கல். பின்வரிசையிலிருந்து அதுவரை யாரும் எழுந்ததில்லை.

எஸ்தர் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. புருஷன் இறந்துவிட்டான், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். கல்கத்தாவிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. பெங்காலி நன்றாக வாசிப்பாள். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவாள்.

அன்று அவள் கையில் நாலாக மடித்த ஒரு தாள். அதைப் பிரித்துப் பெங்காலியில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். "கால்வாய் ஓரத்துல இருக்கிற எல்லா ஜுப்டியும் முப்பது நாள்ல காலி பண்ணணுமாம். இல்லன்னா இடிச்சிருவாங்களாம்."

ஜுப்டி என்றால் குடிசை. முன்வரிசையில் பலருக்கு அந்த வார்த்தையே அன்றுதான் அறிமுகம்.

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். "இது சாட்சியாம்மா?"

"நோட்டீஸுங்க" என்றாள் எஸ்தர்.

ஐயர் சமாளித்தார். "நம்ம சகோதரிக்காக எல்லாரும் தலை வணங்கி ஜெபிப்போம்."

"ஜெபம் நான் வீட்டுலயே பண்ணிக்கிறேன் ஐயா, வீடு இருக்கிற வரைக்கும். எனக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு வேணும். சபை முத்திரை போட்டு."

யாரோ இருமினார்கள். ஐயர் எப்படியும் ஜெபித்தார். எஸ்தர் தலை வணங்காமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் தலை வணங்கியிருந்தேன். அவள் நின்றது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஜெபக்குறிப்பில் நாலாவது இடம்

அன்று மாலையே கமிட்டி கூடியது. ஐயர் அங்கி மாற்றும் அறையில், டீயும் சிங்காடா என்கிற பெங்காலி சமோசாவும் வைத்துக்கொண்டு.

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும், அதான் நம்ம போதனை" என்று ஆரம்பித்தார் ஞானதுரை. "கவர்ன்மென்ட் ஒரு காரியம் செய்யுதுன்னா அதை எதிர்த்து சபை மனு குடுக்கிறது சாட்சிக் கெடுதல்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை க்ளாஸுக்கு மனு குடுத்தோமே மூப்பரே?"

"அது விசுவாசம், ஜேக்கப். இது அரசியல்."

சிங்காடாவை ஒரு கடி கடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் அசல் காரணத்தைச் சொன்னார். "தபன்தா நமக்கு இடம் தர்றேன்னு வாயால சொல்லியிருக்கார். இப்பப் போயி அவர் வார்டுக்கே குடைச்சல் குடுத்தா இடம் வருமா? நாப்பது வருஷமா இரவல் கோயில்ல கும்பிடுதோம். கொஞ்சம் யோசிக்கணும்லா?"

எல்லோரும் யோசித்தார்கள். நானும் யோசித்தேன். சொந்தக் கோயில், சொந்த மணி, காலை ஆராதனை. எனக்கும் அந்த ஆசை உண்டு, பொய் சொல்லக் கூடாது. 'எஸ்தர் அம்மாளின் காரியம் ஜெபக்குறிப்பில் சேர்க்கப்பட்டது' என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள். "என்ன முடிவாச்சு?"

"ஜெபக்குறிப்புல சேர்த்திருக்கு."

"எத்தனையாவது?"

"நாலாவது. மூப்பர் மருமகன் ட்ரான்ஸ்ஃபருக்கு அடுத்தது."

"சரிதான். அவங்க முறை வர்றதுக்குள்ள முப்பது நாள் முடிஞ்சிரும்."

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தப்பு செய்த பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு இறங்கவில்லை.

எங்கள் பலிபீடம் இருந்த இடம்

அடுத்த சனிக்கிழமை வசந்தா என்னைக் கால்வாய் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெட்ரோவில் டாலிகஞ்ச், அங்கிருந்து ஆட்டோ, பிறகு நடை. ஆறு வருஷமாக எங்களோடு ஒரே கோயிலில் கும்பிட்டவர்களின் வீட்டுக்கு அன்றுதான் முதல் முறையாகப் போகிறோம்.

தண்ணீர் தார் நிறத்தில் நின்றது. நாற்றம் கண்ணை எரித்தது. கூரைகளில் சுரைக்கொடி. பக்கத்திலிருந்த சினிமா ஸ்டுடியோக்கள் தூக்கி எறிந்த பலகைகளால் பல குடிசைகளுக்குச் சுவர். எஸ்தர் வீட்டுச் சுவரில் ஒரு அரண்மனைத் தூண் வரைந்திருந்தது. தங்க நிறம் இன்னும் போகவில்லை.

உட்கார ஸ்டூல் போட்டாள். டீ கொடுத்தாள். கமிட்டி முடிவை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வாரம் தபன்தா வந்தாரு செக்ரட்டரிண்ணே. டேப்பு பிடிச்சு அளந்தாரு. இங்க ஒரு கோயில் வரப்போகுதுன்னு சொன்னாரு. எங்க கோயிலா தாதான்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"எங்கே அளந்தார்?"

"இங்கதான். இந்தக் கதவுல இருந்து அந்தக் கருப்பையா மாமா வீடு வரைக்கும்."

வசந்தா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல், உத்தேசமாக எங்கள் பலிபீடம் வரப்போகும் இடத்தில் இருந்தது. எஸ்தரின் அடுப்பு பாடகர் குழுவின் இடம். நாற்பது வருஷக் கனவு இவ்வளவு கிட்டத்தில் இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

"மனு நான் எழுதித் தர்றேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். வெட்கம் அதிகமானால் அதுவும் தைரியம் மாதிரியே பேசும்.

முத்திரையை நம்புகிற மனிதர்

அரை நாள் லீவு போட்டு எஸ்தரோடு அலிப்பூரில் நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனேன். என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கோஷ் பாபு என்பவரிடம் அனுப்பினார்கள். மேஜையில் கோப்புகளுக்கு நடுவே ஒரு கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். அறையே மணத்தது.

மனுவை வாசித்தார். நல்ல இங்கிலீஷ் என்று பாராட்டிவிட்டு, பயன் இல்லை என்றார். இடிப்பது உறுதி. கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டும், அதற்குத்தான் காலி செய்வது.

"அப்படியானால் அங்கே சர்ச்சுக்கு இடம் கொடுப்பதாக..." என்று இழுத்தேன்.

கோஷ் பாபு உரிப்பதை நிறுத்தினார். அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டார். "அருண், இங்கே வா. மூன்றாவது பார்ட்டி வந்திருக்கிறது."

விஷயம் இதுதான். தபன்தா அதே இடத்தை வார்டில் ஒரு விளையாட்டு கிளப்புக்கும் ஒரு காளி கோயில் கமிட்டிக்கும் ஏற்கெனவே கொடுத்திருந்தார், வாயால். அவர்களும் வந்து விசாரித்திருக்கிறார்கள். கால்வாய் ஓரம் ஓர் அங்குலம்கூட யாருக்கும் கிடையாது என்றார் கோஷ் பாபு. கடவுளை நம்பாத ஒருவர் இரண்டு கடவுள்களுக்கும் ஒரு கால்பந்து அணிக்கும் பாரபட்சமில்லாமல் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது.

எஸ்தர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு வழி?" என்று பெங்காலியில் கேட்டாள்.

பத்து வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்ததாக ஆதாரம் காட்டினால், பைபாஸ் சாலைக்கு அப்பால் புதுக் காலனியில் ஆளுக்கு ஒரு அறை தருவார்கள். நோட்டீஸில் கடைசி வரியாகப் பொடி எழுத்தில் அது இருந்தது. ஆனால் பலரிடம் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு தீ விபத்தில் ரேஷன் கார்டுகள் போய்விட்டன. வாக்காளர் அட்டை எல்லாம் புதுசு.

எஸ்தர் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஞானஸ்நானச் சர்டிபிகேட் நம்புவீங்களா?"

"விலாசம் இருக்குமா?"

"இருக்கும்."

"முத்திரை?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்கும்" என்றேன்.

"அப்படியானால் நம்புவேன்" என்றார் கோஷ் பாபு, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு. "எனக்கு மதத்தில் நம்பிக்கை கிடையாது. முத்திரையில் உண்டு."

கல்யாணச் சாட்சிகள்

பதிவேடுகள் கோயிலில் ஒரு இரும்பு அலமாரியில் இருந்தன. சாவியும் முத்திரையும் செக்ரட்டரி வசம். கமிட்டியைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது விதி. கமிட்டியைக் கேட்டால் கிடைக்காது என்பது அனுபவம்.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். நான், வசந்தா, எஸ்தர். அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. பழைய போதகர்களின் சாய்ந்த கையெழுத்து. தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில், விலாசம்: 'டாலிகஞ்ச், கால்வாய்க் கரை.' பக்கத்துக்குப் பக்கம் அதுவே வந்தது. சபைக்கு இவர்கள் விலாசம் பல வருஷமாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பிரதி எழுதினேன். வசந்தா சரிபார்த்தாள். ஏழு குடும்பங்களுக்கும் கிடைத்துவிட்டது.

"இன்னும் நாலு வீடு இருக்கு" என்றாள் எஸ்தர். கால்வாய் ஓரம் மொத்தம் பதினொரு தமிழ்க் குடும்பங்கள். அதில் நாலு குடும்பம் இந்துக்கள்.

அந்த நேரம் பார்த்து ஐயர் உள்ளே வந்தார். அடுத்த நாளுக்கான பாட்டு எண்களைப் பலகையில் மாட்ட வந்தவர். மேஜையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. நாலு வீட்டுச் சிக்கலைச் சொன்னேன்.

அவர் முகம் பிரகாசித்தது. "கூட்டிட்டு வாங்களேன்! ஞானஸ்நானம் குடுத்துருவோம்."

"இன்னிக்குத் தேதிதானே ஐயா போட முடியும்? பத்து வருஷப் பழசு வேணும்."

"ஓ" என்றார். ஒரே மத்தியானத்தில் நாலு குடும்பம் கைநழுவிய வருத்தம் அவருக்கு.

எஸ்தர்தான் வழி கண்டுபிடித்தாள். "கல்யாணப் புத்தகத்தை எடுங்கண்ணே. என் கல்யாணத்துக்குக் கருப்பையா மாமாதான் சாட்சி. கையெழுத்து போட்டாரு, எனக்கு ஞாபகம் இருக்கு."

எடுத்தோம். இருந்தது. 'சாட்சி: மு. கருப்பையா, கால்வாய்க் கரை, டாலிகஞ்ச்.' நெற்றியில் திருநீறோடு வந்து எங்கள் பீடத்தின் முன் நின்று போட்ட கையெழுத்து. இன்னும் இரண்டு கல்யாணங்களில் இன்னும் இரண்டு பேர். தமிழ் வாசிக்கத் தெரியாத எஸ்தர் எந்தக் கல்யாணம், எந்த வருஷத்து மழைக்காலம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் புரட்டிக்கொண்டே போனோம்.

நாலாவது ஆள் வேலாயுதம் மட்டும் அகப்படவில்லை. அவர் சமையல்காரர். அந்தக் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறார். எல்லாவற்றிலும் கையெழுத்து நேரத்தில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"ஒரு வரிதானேண்ணே" என்றாள் எஸ்தர் மெதுவாக.

ஒரு வரிதான். எஸ்தர் கல்யாணப் பக்கத்தில் காலி இடம் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. நான் எழுதவில்லை. அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க ஆசைதான். பயம் என்று எழுதுவதே சரி.

பத்துத் தாளிலும் முத்திரை போட்டேன். ஐயர் சுவர்ப்பக்கம் திரும்பிப் பாட்டு எண்களை மாட்டிக்கொண்டே, "நான் எதையும் பார்க்கல, ஜேக்கப்" என்றார். எண்களைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

எல்லைக்கு வெளியே

முப்பது நாள் என்றது இழுத்துக்கொண்டே போய், குளிர்காலம் முடிகிற ஒரு காலையில் குடிசைகளை இடித்தார்கள். பத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் காலனியில் அறை கிடைத்தது. வேலாயுதம் இரண்டு கரண்டிகளையும் ஒரு அண்டாவையும் எடுத்துக்கொண்டு கரக்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டேஷனில் என்னிடம், "விடுங்க தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் சீக்கிரம் மறந்திருப்பேன்.

தபன்தா ஜெயித்தார். காலனி அறைகள் தன் முயற்சியால் வந்தவை என்று மேடையில் சொன்னார். கோயிலும் வரவில்லை, காளியும் வரவில்லை, கால்பந்தும் வரவில்லை.

கமிட்டி என்னை நீக்கியது. சபை முத்திரையை உலகக் காரியத்துக்குப் பயன்படுத்திய குற்றம். தீர்மானத்தை அழகாக எழுத ஆள் இல்லாததால், அதையும் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு சபைத் தேர்தலுக்கு எஸ்தர் இரண்டு பஸ் மாறி வந்தாள். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மேஜைக்குப் பின்னால் ஞானதுரை.

"நீங்க இப்ப சபை எல்லைக்கு வெளியே இருக்கீங்கம்மா. புது விலாசத்துல ஓட்டுக் கிடையாது."

"பழைய விலாசத்துல போடுறேனே?"

"அதை இடிச்சாச்சே."

எஸ்தர் கைப்பையிலிருந்து அரசாங்கத்தின் வாக்காளர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலனிக்குப் போன மூன்றாம் மாதமே புது விலாசத்தோடு வந்துவிட்டது. "கடவுள் இல்லைன்னு சொல்றவங்க என்னைத் தேடி வந்து பேர் எழுதிக்கிட்டாங்க, மூப்பரே."

ஞானதுரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு ஓட்டு இருந்தது. போட்டேன். யாருக்கு என்பது ரகசியம், அது சபை விதி. அவருக்குப் போடவில்லை என்பது மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது சபை வழக்கம்.

வாசலில் எஸ்தர் எனக்காகக் காத்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அண்ணே, காலனியில தண்ணிக் கமிட்டி போட்டிருக்கோம். என்னைத்தான் செக்ரட்டரியா எழுதியிருக்காங்க. அடுத்த ஞாயிறு கூட்டம். இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதணும். வர்றீங்களா?"

போனேன். நாலு மணிக்கு. கல்கத்தா சபையில் சேர்ந்த ஏழு வருஷத்தில் நோய்நொடி இல்லாமல் நான் தவறவிட்ட முதல் ஆராதனை. தார்ப்பாய் நிழலில் பெங்காலிகள், பீகாரிகள், கருப்பையா, இரண்டு முஸ்லிம் குடும்பத்தார். குழாய் எங்கே வரவேண்டும் என்று ஒரு மணி நேரம் சண்டை. எஸ்தர் மூன்று பாஷையில் அதட்டினாள். நான் எழுதினேன். பதினைந்தே நாளில் தண்ணீர் வந்தது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆராதனையைத் தவறவிட்டதற்கு விசாரணை என்று நினைத்துக்கொண்டேன். வசந்தா காப்பி வைத்தாள். வானிலை, மாற்றல், ஊரில் மழை எல்லாம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஜேக்கப், எங்க வீட்டுக்கு ரெண்டு மாசமா முனிசிபல் தண்ணி வரலை. மூப்பர் ஜெபக்குறிப்புல போட்டிருக்கார். அதில்லாம... வேற யாரையாவது பார்க்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

"எஸ்தரைத்தான் பார்க்கணும் ஐயா."

ஐயர் காப்பியைக் குடித்து முடித்தார். பையிலிருந்து டைரியை எடுத்தார். காலனிக்குப் போகிற இரண்டு பஸ்ஸின் எண்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.